தமிழ் எந்த இடத்தில் நின்றுபோகிறது என்று பாருங்கள்: எம்சிஎம்சிக்கு ஒரு திறந்த மடல்

மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையத்தின் பொறுப்பாளர்களுக்கு வணக்கம்.

இணையச் சூதாட்டத் தளங்களை நீங்கள் முடக்கி வருவது தெரிந்ததே. நாங்கள் எழுதுவது அவற்றுக்கு ஆள் சேர்த்துவிடும் 'வழிகாட்டி'த் தளங்களைப் பற்றி. 'மலேசியாவின் சிறந்த 10 கேசினோ', 'நம்பகமான தளம் எது?' என்று தலைப்பிட்டு, நட்சத்திரமும் மதிப்பெண்ணும் போட்டு, நடுநிலை விமர்சனம் மாதிரி வருகிறவை. இவற்றில் சில தமிழிலும் இருக்கின்றன.

இவற்றின் வருமானம் தரகுதான். அனுப்பிவைத்த ஆள் காசு கட்டினால் ஒருமுறைக் கட்டணம்; இல்லாவிட்டால் அவர் தோற்கும் தொகையில் மாதாமாதம் ஒரு பங்கு. 25 முதல் 40 விழுக்காடு வரை கொடுப்பது இந்தத் தொழிலில் சாதாரணம். வாசகர் தோற்கத் தோற்க எழுதியவருக்கு வரவு. அப்படிப்பட்டவர் போடும் நட்சத்திரத்துக்கு என்ன மதிப்பு? 'இப்போதே பதிவு செய்' பொத்தானைக் கைப்பேசியில் அழுத்திப் பிடித்தால் முகவரி தெரியும். அது நேரே கேசினோவுக்குப் போகாது. வழிகாட்டித் தளத்தின் சொந்த முகவரியில் 'கோ' (/go/) என்று முடியும் இடைவழியாகச் சுற்றிப் போகும், அல்லது கடைசியில் தரகரின் அடையாள எண் ஒட்டியிருக்கும். நீங்கள் ஒரு கேசினோவை முடக்கியதும் அந்தச் சுற்றுவழியில் ஒரே வரியை மாற்றினால் போதும், எல்லா விமர்சனப் பக்கங்களும் புது முகவரிக்குத் திரும்பிவிடும். வழிகாட்டியை விட்டுவைத்தால் முடக்கம் ஓட்டைப் பானையில் தண்ணீர்தான்.

மொழிக்கு வருவோம். விளம்பரப் பட்டை தமிழில், போனஸ் தொகை தமிழில், பதிவுப் பொத்தான் தமிழில். 'விதிமுறைகள்' என்பதைத் தட்டினால் ஆங்கிலம். விஷயமே அங்கேதான் இருக்கிறது. ஒரு கணக்கைப் பாருங்கள். 100 வெள்ளி (ரிங்கிட்) கட்டினால் 100 வெள்ளி போனஸ். ஆனால் இரண்டும் சேர்ந்த 200 வெள்ளியை 30 மடங்கு சுழற்றினால்தான் பணம் எடுக்கலாம். அதாவது 6,000 வெள்ளிக்கு ஆட வேண்டும். 96 விழுக்காடு திருப்பித் தருவதாகச் சொல்லும் ஸ்லாட் விளையாட்டில் சராசரி இழப்பு 4 விழுக்காடு. 6,000-க்கு 240 வெள்ளி. கையில் இருப்பதோ 200. நேரலை மேசை விளையாட்டுகளுக்கு 10 விழுக்காடுதான் கணக்கில் சேரும் என்ற விதியும் சகஜம்: 10 வெள்ளி வைத்தால் 1 வெள்ளி ஆடியதாக எண்ணுவார்கள். இதைத் தமிழில் நான்கு வரியில் எழுதினால் வாய்ப்பாடு தெரிந்த யாரும் பக்கத்தை மூடிவிடுவார். எழுதாததற்குக் காரணமும் அதுவே என்பது எங்கள் கணிப்பு.

இன்னொரு கோளாறு: தமிழ்ப் பக்கங்களில் பல தமிழ்நாட்டை மனத்தில் வைத்துச் செய்தவை. தொகை ரூபாயில், கட்டும் வழி இந்தியாவின் யூபிஐ பணப்பரிமாற்றம், சட்ட விளக்கம் இந்தியாவுக்கு. அங்கேயே 2025-இல் பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடைசெய்யும் சட்டம் வந்துவிட்டது. பழைய 'சட்டபூர்வமானது' என்ற வரியைப் படிக்கும் பட்டர்வொர்த் வாசகர் அதை இங்கேயும் பொருத்திக்கொள்கிறார். இங்கே 1953-ஆம் ஆண்டின் பந்தயச் சட்டமும் பொதுச் சூதாட்ட விடுதிச் சட்டமும் நடப்பில் உள்ளன. உரிமம் பெற்ற கேசினோ கெந்திங் மலையில் இருப்பது ஒன்றுதான், அதுவும் நேரில் போய் ஆடுவது. மால்டா, குராசாவ் போன்ற வெளிநாடுகளின் சூதாட்ட உரிம முத்திரைகள் இங்கே அனுமதி ஆகாது. பல இடங்களில் அவை வெறும் படங்கள். தட்டினால் உரிமம் வழங்கிய ஆணையத்தின் பக்கம் திறப்பதே இல்லை.

'பொறுப்பாக விளையாடுங்கள்' என்ற அடிக்குறிப்பில் உள்ள உதவி எண் பிரிட்டனுடையதாக இருக்கிறது. பினாங்கின் பிறை நகரில் இருப்பவருக்கு அதனால் என்ன பயன்?

ஒரு தளம் செயலியை ஏபிகே கோப்பாக, அதாவது செயலிக் கடைக்கு வெளியே, இறக்கச் சொன்னாலோ, தனிநபர் வங்கிக் கணக்கில் காசு போடச் சொன்னாலோ அதை நம்பக்கூடாது; மேற்கொண்டு ஆராய ஒன்றுமில்லை.

நாங்கள் கேட்பது இவை. வழிகாட்டித் தளங்களையும் முடக்கப் பட்டியலில் சேருங்கள். அவற்றின் சுற்றுவழி முகவரிகளை வாரம் ஒருமுறை பின்தொடருங்கள். முடக்கப்பட்ட தளத்தைத் திறப்பவர் காணும் அறிவிப்பில் தமிழில் இரண்டு வரி எழுதுங்கள்: ஏன் முடக்கப்பட்டது, பணம் போயிருந்தால் உடனே வங்கியையும் தேசிய மோசடி எதிர்வினை மையத்தின் 997 எண்ணையும் அழைக்க வேண்டும் என்று. பணம் கழுதைக் கணக்குகளில் (மோசடிக்காரர்கள் பயன்படுத்தும் பிறருடைய வங்கிக் கணக்குகளில்) கைமாறிக்கொண்டே போவதால் தாமதித்தால் மீட்பது கடினம். புகார்ப் படிவமும் தமிழில் வேண்டும். 'பாதுகாப்பான தளங்கள்' என்று மட்டும் யாரும் பட்டியல் வெளியிட வேண்டாம். தரகர்கள் அதையும் விளம்பரமாக்கிவிடுவார்கள்.

சரிபார்ப்பைச் சொல் தேடும் மென்பொருளிடம் மட்டும் விட்டுவிடாதீர்கள். தமிழ்ப் போனஸ் அறிவிப்புகள் பெரும்பாலும் படத்துக்குள் எழுதப்பட்டவை. எழுத்தைத் தேடும் கருவிக்கு அவை அகப்படாது. தமிழ் படிக்கத் தெரிந்த அதிகாரி ஒருவரை அந்தப் பிரிவில் அமர்த்துங்கள்.

இப்படிக்கு,
பினாங்கில் இணையப் பாதுகாப்பு, கடன் ஆலோசனைத் துறைகளில் பணிபுரியும் தமிழர் சிலர்