‘சாமான் நாங்களே வாங்கித் தருகிறோம்’ என்று சொல்வதற்கு முன்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வீடு கட்டுபவர்களும் பழைய வீட்டைப் புதுப்பிப்பவர்களும் மேஸ்திரியிடம் இப்போது தவறாமல் சொல்வது: “கூலி மட்டும் பேசுங்க, சாமான் நாங்களே வாங்கித் தர்றோம்.” மொத்தமாக விட்டால் மட்டமான சரக்கைப் போட்டுவிடுவார்கள், கடையில் கமிஷன் வாங்கிக்கொள்வார்கள் என்ற பயம்தான் காரணம். பயம் வீண் என்று சொல்ல மாட்டேன். ஹார்டுவேர் கடைகள் பிளம்பருக்குக் கொடுக்கும் கழிவும் பெயின்ட் டப்பாவுக்குள் பெயின்டருக்கென்று இருக்கும் டோக்கனும் ஊரறிந்த சங்கதிகள். ஆனால் சாமானை நாம் வாங்கும்போது அளவெடுக்கும் பொறுப்பும் கூடவே நம் தலைக்கு வருகிறது. அதைப் பெரும்பாலோர் வேலை பாதியில் நிற்கும்போதுதான் உணர்கிறார்கள்.

டைல்ஸையே பாருங்கள். பன்னிரண்டுக்குப் பத்து அறை. கடைக்காரர் கால்குலேட்டரைத் தட்டுகிறார். 120 சதுர அடி, சேதாரம் 5 சதவீதம் சேர்த்து 126. இரண்டுக்கு இரண்டு டைல்ஸ் பெட்டிக்கு 4, அதாவது 15.5 சதுர அடி. “எட்டுப் பெட்டி, எதுக்கும் ஒன்பதா எடுத்துக்குங்க” என்கிறார். நியாயமாகத்தான் தெரிகிறது.

நாம் ‘இரண்டுக்கு இரண்டு’ என்று சொல்லும் டைல் உண்மையில் இரண்டடி கிடையாது. அது 600 மி.மீ.; இரண்டடி என்பது 609.6 மி.மீ. பூச்சு முடிந்த சுவரிலிருந்து எதிர்ச்சுவர் வரை சரியாக 12 அடி என்றால் 3,658 மி.மீ. ஆறு டைல் வைத்து, இடைவெளிக்கு 2 மி.மீ. ஸ்பேசரும் போட்டால் 3,612 மி.மீ.தான் நிரம்பும். ஓரத்தில் 45 மி.மீ. சொச்சம் பாக்கி. பத்தடிப் பக்கத்திலும் அப்படித்தான், 38 மி.மீ. நிற்கும். இவ்வளவு ஒடுக்கமான கீற்றை வெட்டினால் பல உடையும். உடையாமல் வந்தாலும் வாசலில் நுழைந்ததும் கண்ணை உறுத்தும். அந்த 12 அடி செங்கலுக்குச் செங்கல் எடுத்த அளவாக இருந்தால் விஷயம் வேறு. இரு பக்கப் பூச்சும் போக மிச்சமிருக்கும் சிறு இடைவெளி, சுவரின் அடியோரம் ஒட்டும் ஸ்கர்ட்டிங் பட்டையின் அடியில் மறைந்துவிடும். ஆகவே பிளானில் போட்டிருக்கும் அளவைக் கொண்டு கடைக்குப் போகக் கூடாது. பூச்சு முடிந்தபின் டேப் பிடித்து, மில்லிமீட்டரில் எடுத்துப் போக வேண்டும். அறையின் இரண்டு முனையிலும் நடுவிலும் அளக்க வேண்டும். மூன்றும் ஒன்றாக இருக்கும் அறை அபூர்வம்.

கைதேர்ந்த டைல்ஸ் கொத்தனார் ஓரத்தில் கீற்று விடமாட்டார். வரிசையை நடுவுக்குத் தள்ளி, 12 அடிப் பக்கத்தில் ஐந்து முழு டைலும் இரு ஓரங்களில் 323 மி.மீ. துண்டுகளுமாகப் பிரிப்பார். பத்தடிப் பக்கத்தில் நான்கு முழு டைல், ஓரங்களில் 319. துண்டு பாதி டைலைவிடச் சற்றுப் பெரியது என்பதால் ஒரு டைலில் இரண்டு துண்டு எடுக்க முடியாது. அப்போது ஏழுக்கு ஆறு, மொத்தம் 42 டைல், அதாவது 11 பெட்டி. வெட்டி மிஞ்சும் பட்டை வீணில்லை. 277 மி.மீ. அகலமுள்ள ஒவ்வொரு பட்டையிலும் நாலங்குல ஸ்கர்ட்டிங் இரண்டு வரும், அறை முழுக்கச் சுற்றிப் போதும். கீற்று இருந்தாலும் பரவாயில்லை என்று ஓரத்திலிருந்து ஆரம்பித்தாலும் முழு டைல் 30, கீற்றுக்கு 2, ஸ்கர்ட்டிங்குக்கு 5 என்று 37 வரை போகும். ஒன்பது பெட்டியில் இருப்பதோ 36. கடைக்காரர் ஸ்கர்ட்டிங்கைக் கணக்கிலேயே எடுக்கவில்லை. எப்படியும் அறை ஒன்பது பெட்டியில் முடியாது.

குறைந்தால் இரண்டு பெட்டி போய் வாங்கி வந்தால் ஆயிற்று என்று தோன்றும். டைல்ஸில் அது நடக்காது. பெட்டியின் பக்கத்தில் பேட்ச் (ஒரே தடவையில் தயாரான தொகுதி) எண்ணும் ஷேடு (நிறச்சாயல்) எண்ணும் அச்சாகியிருக்கும். அடுத்த பேட்ச் பகல் வெளிச்சத்தில் கொஞ்சம் வேறு நிறமாகத் தெரியும். அளவிலும் அரை மில்லிமீட்டர், ஒரு மில்லிமீட்டர் வித்தியாசம் வந்தால் கோடு ஒன்றுக்கொன்று சேராது. லாரியிலிருந்து இறக்கும்போதே எல்லாப் பெட்டியின் எண்ணையும் ஒத்துப் பார்க்க வேண்டும். நான்கு பெட்டியைப் பிரித்து, கலந்து, ஒட்டாமல் தரையில் பரப்பிப் பார்ப்பது அடுத்த வேலை. இரண்டு டைலை முகத்துக்கு முகம் வைத்தால் வளைவு இருக்கிறதா என்று உடனே தெரியும்; ஆடினாலோ நடுவில் இடைவெளி தெரிந்தாலோ சரக்கைத் திருப்பிவிடலாம். ஒட்டியபின் வரும் புகாரைக் கடையும் ஏற்பதில்லை, கம்பெனியும் ஏற்பதில்லை. பெட்டி மீதே அப்படி எழுதியிருப்பார்கள்.

பசை விஷயம் இதைவிட மோசம். அதிகச் சூட்டில் சுட்டு இறுக்கமாக்கிய விட்ரிஃபைடு டைல் தண்ணீரை அரை சதவீதத்துக்கும் குறைவாகத்தான் உறிஞ்சும். சிமென்ட் பாலை மட்டும் நம்பி ஒட்டினால் பிடிப்பு நிற்காது, ஒரு வருடத்தில் தட்டினால் ‘டொக்கு’ சத்தம் வரும். டைல் பசைதான் வேண்டும். டைலின் அடியில் இருக்கும் வெள்ளைப் பொடியையும் ஈரத்துணியால் துடைத்தெடுக்க வேண்டும். 20 கிலோ மூட்டை 3 மி.மீ. கனத்தில் சுமார் 45 முதல் 50 சதுர அடி வரை வரும். இந்த அறைக்கு 3 மூட்டை. ஆனால் தரை மேடுபள்ளமாக இருந்து சராசரி கனம் 6 மி.மீ. ஆகிவிட்டால் 5 மூட்டைக்கு மேல் போகும். மூன்று மூட்டை மட்டும் வாங்கிக் கொடுத்து, “எப்படியாவது முடிச்சுடுங்க” என்றால் கொத்தனார் நான்கு மூலையிலும் நடுவிலும் பொட்டுப் பொட்டாக வைத்து ஒட்டிவிடுவார். ஒட்டும்போது யாருக்கும் தெரியாது. பிறகு பீரோவின் கால் பட்ட இடத்தில் விரிசல் விழும். அதற்குக் கொத்தனாரைக் குறை சொல்வதில் பாதிதான் நியாயம். தரையை முதலில் சிமென்ட் கலவையால் மட்டம் செய்ய வேண்டும், அதைத் தனி வேலையாகவும் தனிக் கூலியாகவும் பேச வேண்டும்.

டைல்ஸ், குழாய் முகப்பு, வாஷ் பேசின், விளக்கு, பெயின்ட் நிறம் என்று கண்ணுக்குத் தெரிவதையெல்லாம் வீட்டுக்காரரே வாங்கட்டும். சுவருக்குள் போய் மறைவதை வேலை செய்பவரே வாங்கட்டும்; கம்பெனியும் ரகமும் நாம் சொன்னபடி, பில் நம் பெயரில். காரணம் எளிது. சுவருக்குள் ஒழுகினால் பைப் மட்டமா, ஒட்டு மட்டமா என்ற வழக்கு வரும். வாங்கியவர் ஒருவர், ஒட்டியவர் ஒருவர் என்றால் அந்த வழக்கு தீராது.

பைப்பில் வீட்டுக்காரர்கள் செய்யும் தவறு அனேகமாக ஒரே மாதிரிதான். முக்கால் இஞ்ச் என்று கேட்டு சிபிவிசி (வெந்நீருக்கும் தாங்கும் பிளாஸ்டிக்) பைப்பும், விலை குறைவு என்று யுபிவிசி (தண்ணீருக்கு மட்டுமான வேறு ரகப் பிளாஸ்டிக்) எல்போ, டீ போன்ற இணைப்புகளும் வாங்கி வருவார்கள். இரண்டும் முக்கால்தான், ஆனால் சிபிவிசி பைப்பின் வெளி விட்டம் 22.2 மி.மீ., யுபிவிசியினுடையது 26.7. ஒன்றில் ஒன்று சேராது. ஒட்டும் சால்வென்ட்டும் தனித்தனி. டப்பாவில் சால்வென்ட் கூழாக இறுகியிருந்தால் அதை எறிந்துவிட வேண்டும், தின்னர் ஊற்றிக் கரைக்கக் கூடாது. யார் வாங்கியதாக இருந்தாலும், பைப் புதைக்கச் சுவரில் வெட்டிய காடியை மூடுமுன் எல்லா வாயையும் பிளக் போட்டு அடைத்து, கைப்பம்பால் அழுத்தம் ஏற்றி, ஒரு நாள் விட்டு மீட்டர் முள் இறங்கியிருக்கிறதா என்று பாருங்கள். இந்தச் சோதனைக்குத் தனியாகக் கூலி கேட்டாலும் கொடுக்கலாம்.

வெஸ்டர்ன் டாய்லெட் கோப்பையை, குறைந்தபட்சம் அதன் அளவுத் தாளையாவது, கழிவு பைப் போடுவதற்கு முன்பே கொண்டுவந்து கொடுத்துவிட வேண்டும். கழிவு தரைக்குள் இறங்கும் எஸ்-டிராப் கோப்பைகளில் சுவரிலிருந்து ஓட்டையின் மையம் வரை உள்ள தூரம் 220 மி.மீ., 300 மி.மீ. என்று மாடலுக்கு மாடல் மாறும். இது டைல் ஒட்டிய சுவரிலிருந்து எடுக்கும் அளவு. பூசாத சுவரிலிருந்து அளப்பதென்றால் பூச்சுக்கு 15, டைலும் பசையும் 12 என்று கூட்டி, 220 கோப்பைக்கு 247 மி.மீ.யில் பைப் வர வேண்டும். பி-டிராப் என்றால் பைப் தரையில் இறங்காது, சுவருக்குள் போகும். தள்ளுபடி விலையில் கிடைத்தது என்று வேறு மாடலைக் கடைசியில் கொண்டுவந்து நிறுத்தினால் புதுத் தரையை உடைப்பதைத் தவிர வழியில்லை. ஷவருக்குச் சுவரில் புதைக்கும் டைவர்ட்டரும் (தண்ணீரை ஷவருக்கோ குழாய்க்கோ திருப்பும் வால்வு) இப்படித்தான். உள்ளே போகும் பாடியும் வெளியே தெரியும் முகப்பும் ஒரே கம்பெனி, ஒரே வரிசையாக இருக்க வேண்டும். பாடியின் மேல் குறித்திருக்கும் குறைந்த ஆழம், அதிக ஆழம் ஆகிய இரண்டு கோட்டுக்கும் நடுவில் டைலின் முகம் வந்து நிற்க வேண்டும்.

வயரிங்கில் ஒன்று மட்டும். ஆஃபரில் கிடைக்கிறது என்று 90 மீட்டர் சுருளை எல்லாம் ஒரே சிவப்பு நிறத்தில் வாங்கிப் போடாதீர்கள். ஃபேஸ் (கரண்ட் வரும் கம்பி), நியூட்ரல் (திரும்பும் கம்பி), எர்த் மூன்றுக்கும் நிறம் வேறுபட வேண்டும், எர்த்துக்குப் பச்சை. பின்னால் ரிப்பேருக்கு வருகிறவரின் உயிர் அதில் இருக்கிறது. பெயின்ட்டில், நிறம் கலந்த டப்பாவைக் கடை திரும்ப எடுக்காது என்பதை நினைவில் வைத்து, முதலில் ஒரு லிட்டர் கலந்து சுவரில் பூசி, காயவிட்டுப் பாருங்கள்.

கூலி பேசும்போது எழுதிக்கொள்ள வேண்டியவை சில உண்டு. சாமான் குறைந்து காலை பதினொரு மணிக்கு வேலை நின்றால் கொத்தனாருக்கும் இரண்டு சித்தாளுக்கும் அன்றைய கூலி யார் தருவது? நாம் சாமான் தருகிறோம் என்றால் நாம்தான் தர வேண்டும். கட்டிங் பிளேடு, ஸ்பேசர், டெஃப்லான் டேப், உப்புத்தாள், ஸ்பாஞ்ச் போன்ற சில்லறைச் சாமான் யார் கணக்கு? கிட்டத்தட்ட 30 கிலோ எடையுள்ள டைல்ஸ் பெட்டியை லாரிக்காரர் வாசலில் இறக்கிவிட்டுப் போய்விடுவார், இரண்டாம் மாடிக்கு ஏற்றுவது யார்? நாம் வாங்கிய குழாய் பழுதானால் கடை குழாயை மாற்றித் தரும், கழற்றி மாட்டும் கூலியைத் தராது. அதைத் தொழிலாளி தலையில் கட்டுவது அநியாயம். சாமானில் அவருக்கு வந்துகொண்டிருந்த லாபம் நின்றுபோனதால் கூலியைக் கொஞ்சம் உயர்த்திக் கேட்டால், அதையும் பேரம் பேசி அடிமட்டத்துக்கு இறக்காதீர்கள். அந்தப் பணத்தை அவர் வேலையின் வேகத்தில் எடுத்துவிடுவார்.

பிரிக்காத பெட்டியைத் திரும்ப எடுத்துக்கொள்வீர்களா, எத்தனை நாளுக்குள் என்று கடையில் கேட்டு பில்லிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். மிஞ்சியதை எல்லாம் திருப்பிவிட வேண்டாம். ஒவ்வொரு டிசைனிலும் நான்கைந்து டைல்களைப் பெட்டியோடு, பேட்ச் எண் தெரியும்படி பரணில் போட்டு வையுங்கள். குளியலறைச் சுவரை உடைத்து பைப் மாற்றும் நாளில் அந்த டிசைன் எந்தக் கடையிலும் இருக்காது.

இப்படிக்கு,
கட்டடப் பணி மேற்பார்வையாளர் ஒருவர்,
திருச்சி.