தாமதம் மட்டும் காரணமில்லை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

காமிக்ஸ் கதைகளை வைத்து எடுத்த ஹாலிவுட் குற்றப் படம் 'சின் சிட்டி'யின் இரண்டாம் பாகம் ஓடாததற்கு ஒன்பது வருட இடைவெளிதான் காரணம், அதற்குள் அந்தக் கருப்பு வெள்ளை ஜாலம் பழசாகிவிட்டது என்று சென்ற இதழின் சினிமா பக்கத்தில் எழுதியிருந்தீர்கள். 2005-இல் வந்த முதல் படம் உலகம் முழுக்க 15 கோடி டாலருக்கு மேல் வசூலித்தது. 2014-இல் வந்தது 4 கோடியைக்கூட எட்டவில்லை. தாமதத்துக்கு இதில் பங்கு உண்டு, மறுக்கவில்லை. ஆனால் ஜாலத்தின் மேல் பழி போடாதீர்கள். கண்ணுக்கு இரண்டாம் படம் ஒரு படி மேல். நடிகை ஏவா கிரீனின் கண்ணில் மட்டும் பச்சை, உதட்டில் மட்டும் சிவப்பு! கோளாறு கதையில் இருக்கிறது.

முதல் படத்தில் செய்ததற்கு விலை கொடுக்காமல் யாரும் போக முடியாது. மிக்கி ரூர்க்கின் மார்வ், ஒரே ஓர் இரவு தன்னிடம் அன்பாக இருந்தவளுக்காகப் பழிதீர்த்துவிட்டு மின்சார நாற்காலியில் உட்காருகிறான். புரூஸ் வில்லிஸின் போலீஸ்காரர் ஹார்ட்டிகன், தான் உயிரோடிருக்கும்வரை, தான் காப்பாற்றிய நான்சியைச் செனட்டர் குடும்பம் விடாது என்று கணக்குப் போட்டுத் தன்னையே சுட்டுக்கொள்கிறார். கதை முன்பின்னாகத்தான் ஓடும். செத்துப்போன மார்வ் பின்னால் வரும் கதையில் மதுக்கடையில் ஒரு கணம் தென்படுவான். அவன் முடிவு நமக்குத் தெரியும், அவனுக்குத் தெரியாது. வயிற்றைப் பிசையும் இடம் அது.

இரண்டாம் பாகத்திலோ முதல் காட்சியிலேயே மார்வ் வந்து நிற்கிறான். அதன்பின் யாருக்கு அடியாள் தேவைப்பட்டாலும் கூப்பிடு மார்வை! நான்சி கதை இன்னும் மோசம். எந்தக் குடும்பத்தின் கண்ணில் அவள் படக்கூடாது என்று ஹார்ட்டிகன் செத்தாரோ, அந்த செனட்டர் வீட்டுக்கே துப்பாக்கியோடு போகிறாள், ஜெயிக்கிறாள். ஹார்ட்டிகனின் ஆவி கண்ணாடியில் தோன்றிக் கைகொடுக்கிறது. அப்படியானால் அந்த மனிதர் எதற்காகச் செத்தார்?

மூல காமிக்ஸில் இல்லாத கதைகளைச் சேர்த்ததுதான் தப்பு என்பாரும் உண்டு. சூதாடி ஜானியின் கதையும் புதிதாக எழுதியதுதானே? செனட்டரைச் சீட்டில் ஜெயித்ததற்காக விரல்கள் நொறுங்கி, திரும்பப் போய் மறுபடி ஜெயித்து, அங்கேயே சுடப்பட்டுச் சாகிறான். படத்தில் பழைய உறைப்பு மிச்சமிருக்கும் ஒரே இடம்.

இந்த வகைப் படத்துக்கு ஹாலிவுட்டைத்தான் பார்க்க வேண்டும் என்றில்லை. எங்கள் காரைக்குடியில், தேவகோட்டை ரஸ்தாவில் ஸ்டுடியோ போட்டு 'நாம் இருவர்' எடுத்த மெய்யப்பச் செட்டியார், சென்னைக்குப் போன பிறகு 1954-இல் தயாரித்த படம் 'அந்த நாள்'. இயக்கம் எஸ். பாலசந்தர். பாட்டே கிடையாது. படம் தொடங்கியதுமே சிவாஜி குண்டடி பட்டுச் சாகிறார். பிறகு அவர் வருவதெல்லாம் மற்றவர்கள் சொல்லும் கதையில்தான். ஆவியாகக்கூட எழுந்து வரவில்லை! கதாநாயகன் துரோகி, சுட்டது யார் என்பதிலும் சமரசம் இல்லை. ஊர்ப் பாசத்தில் சொல்லவில்லை. சரி, கொஞ்சம் அதுவும்தான்.

அடுத்த முறை நிழலும் குற்றமுமான படங்களைப் பற்றி எழுதும்போது அதற்கும் அரைப் பக்கம் ஒதுக்குங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
காரைக்குடி