டால்பின்களின் பகல் தூக்கம்: தீவுகளில் ஓய்வு முகாம் நடத்துவோருக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

காலையில் யோகா, அப்புறம் டால்பின்களோடு நீச்சல் என்று நீங்கள் நடத்துகிற முகாம்களில் ஒன்றுக்கு நானும் வந்திருக்கிறேன். முகாமைப் பற்றிக் குறையில்லை. பல மாதங்களுக்குப் பிறகு அங்கேதான் எனக்கு ஒழுங்கான தூக்கம் வந்தது. உறுத்துவது அந்தக் காலைப் படகுதான்.

ஒன்பது மணிக்கு, துள்ளிச் சுழல்வதால் ஸ்பின்னர் என்று பெயர் பெற்ற டால்பின்களின் கூட்டத்தின் நடுவே எங்களை இறக்கிவிட்டார்கள். அவை நெருக்கமாக, மெதுவாகப் போய்க்கொண்டிருந்தன. "எவ்வளவு அமைதி, பாருங்கள்" என்றார் வழிகாட்டி. வீடு திரும்பி வாசித்தபோதுதான் புரிந்தது, அவை தூங்கிக்கொண்டிருந்தன.

இவை இரவில் ஆழ்கடல் பக்கம் மீனும் கணவாயும் வேட்டையாடும். விடிந்ததும் அலையடங்கிய, ஆழமில்லாத குடாக்களுக்கு வரும். வெளுத்த மணல் தரைக்கு மேலே சுறா வந்தால் சட்டென்று கண்ணில் படும் என்பதால் அந்த இடம். மூளையின் ஒரு பாதி உறங்க, மறுபாதி விழித்திருக்க, நீந்தியபடியே ஓய்வெடுக்கும். நாம் குதித்தால் விழித்து விலகும். அடுத்த படகு வந்தால் மறுபடியும். கெட்ட தூக்கத்தை இரவில் ஈடுகட்டலாம் என்றால், இரவு அவற்றுக்கு வேலை நேரம். (அது சிரிக்கிறதே என்பீர்கள். தாடையின் அமைப்பு அப்படி. நோயில் கிடந்தாலும் அதே சிரிப்புதான்.)

ஹவாயில் 2021 முதல், கரையிலிருந்து 2 கடல் மைலுக்குள் இவற்றை 50 கஜத்துக்குள், அதாவது சுமார் 45 மீட்டருக்குள், நெருங்கக் கூடாது. நீந்துபவருக்கும் படகுக்கும் ஒரே விதி. பசிபிக் தீவு நாடான டோங்காவில் ஹம்ப்பேக் திமிங்கிலத்தின் அருகே ஒரு நேரத்தில் நான்கு பேரும் ஒரு வழிகாட்டியும்தான் இறங்கலாம். அங்கே குட்டிக்குப் பால் கொடுக்கும் தாய் பெரும்பாலும் பட்டினியாகவே இருக்கும். துரத்தினால் சேமித்த கொழுப்புதான் கரையும்.

உங்கள் ஊரில் விதி இல்லாமலிருக்கலாம். சரி, நீங்களே ஒன்று வைத்துக்கொள்ளுங்களேன். முதலில், விளம்பரத்தில் "நிச்சயம் நீந்தலாம்" என்ற வரியை எடுத்துவிடுங்கள். அந்த வாக்குறுதியைக் காப்பாற்றத்தான் படகோட்டி துரத்துகிறார், அவர்மேல் தப்பில்லை. குடாவைக் கரையிலிருந்தே பைனாகுலரில் பார்க்க வையுங்கள். மாலையில் வேட்டைக்குக் கிளம்பும்போது அவை துள்ளிச் சுழல்வதை அங்கிருந்தே பார்க்கலாம். எதுவும் தென்படாத நாளுக்குப் பணத்தைத் திருப்பிக் கேட்பவர் இருக்கத்தான் செய்வார். அவருக்கு இந்தக் காரணத்தைச் சொல்லுங்கள்.

அடுத்த பருவத்து நிரலில் அந்த ஒன்பது மணிப் படகு இல்லையென்றால் தெரிவியுங்கள். நான் மறுபடி வருகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் பழைய விருந்தினர் ஒருவர்