அறிவியல் நகரும் வன்னியிலதான் இருக்கு

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

கொரோனா நேரம் பல்கலைக்கழகங்கள் என்னென்ன செய்தது எண்டு போன ஞாயிறு உங்கட பேப்பரில வந்த கட்டுரையை முழுசா வாசிச்சன். லண்டன் யூசிஎல் பல்கலைக்கழக ஆக்கள், ரேஸ் கார் எஞ்சின் செய்யிற மெர்சிடிஸ்காரரோட சேந்து 100 மணித்தியாலத்துக்குள்ள மூச்சுக்கு உதவுற சீபாப் மெசினைச் செய்து, அதின்ர டிசைனையும் சும்மா குடுத்தவை எண்டு வாசிக்கச் சந்தோசமா இருந்தது. ஆனா கடைசியில கட்டுரை எழுதினவர், வன்னி மாதிரிப் பின்தங்கின இடங்களுக்கு ஆராய்ச்சி எட்டாது, செய்த சாமானைக் கொண்டுபோய்க் குடுத்தாக் காணும் எண்டு முடிச்சிருக்கிறார். அதை வாசிச்சாப் பிறகு சாப்பாடும் இறங்கேல்ல.

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின்ர பொறியியல் பீடம் கிளிநொச்சி அறிவியல் நகரிலதான் இருக்கு, இது உங்களுக்குத் தெரியாததில்லை. பிறகு ஏன் ஐயா அந்த வரியைப் போட விட்டனீங்கள்?

நான் பரந்தன் பக்கம் தையல் செய்து சீவிக்கிறவள். 2020 ஊரடங்குக்க மாஸ்க் தைச்சு வித்தனான். அப்ப கம்பஸில படிக்கிற அக்கான்ர மகன் சொன்னவன், சித்தி, என்95 மாஸ்க்கின்ர நடுத் தட்டு துணி இல்லை, பொலிப்புரொப்பிலீனை உருக்கி ஊதி எடுக்கிற நுண்ணிய நார், அதுக்கு மின்னேற்றம் குடுத்திருக்கு, அதாலதான் தூசு துணிக்கையை இழுத்துப் பிடிக்குது, சவர்க்காரம் போட்டுத் தோய்ச்சா அது கெட்டுப்போகும் எண்டு. அண்டையில இருந்து மாஸ்க் வாங்க வந்த எல்லாருக்கும், துணி மாஸ்க்கைத் தோயுங்கோ, மற்றதைத் தோய்க்காதேங்கோ எண்டு சொல்லிச் சொல்லித்தான் குடுத்தனான். எட்டாதது எண்டு எதைச் சொல்லுறியள்?

எங்கட அப்பா பரந்தன் இரசாயன பக்டரியில வேலை செய்தவர். ஆனையிறவு உப்பில இருந்து காஸ்டிக் சோடாவும் குளோரினும் செய்த இடம் அது, சண்டையோட நிண்டுபோச்சு. கொரோனா வர நாடே குளோரின் தேடித் திரிஞ்சது, அப்ப கூட உங்கட பேப்பர் அந்த பக்டரியைப் பற்றி ஒரு வரி போட்டதா எனக்கு நினைவில்லை. சண்டை நேரப் பொருளாதாரத் தடைக் காலத்தில பற்றரி இல்லாமல் சைக்கிள் டைனமோவைச் சுத்தி ரேடியோ கேட்ட சனம் நாங்கள், மண்ணெண்ணெயில மோட்டச்சைக்கிள் ஓடின சனம். வெள்ளம் வந்தா, கண்ணிவெடி எடுத்தா மட்டும் எங்கட ஊர்ப் பேர் உங்கட பேப்பரில வருது. இருபது வருசமா வாசிக்கிறவள் எண்ட உரிமையில சொல்லுறன், மனம் நோகுது ஐயா.

வாற ஞாயிறு அந்த வரியைத் திருத்திப் போடுங்கோ. ஏலுமெண்டா ஒரு நிருபரை அறிவியல் நகருக்கு அனுப்பி, அங்க பிள்ளையள் லாபில என்ன செய்யினம் எண்டு கேட்டு எழுதச் சொல்லுங்கோ.

இப்படிக்கு,
வாசகி, பரந்தன்