நொந்த கைக்குப் பன்னிரண்டு கிழமை தாருங்கள்

வன்னிப் பாடசாலைகளின் மெய்வல்லுநர் போட்டிகளை நடத்தும் அதிகாரிகளுக்கு,

வணக்கம்.

இம்முறை ஈட்டி எறிதலில் நடந்ததை விவரிக்கத் தேவையில்லை. நீங்களும் பந்தலுக்குள் இருந்தீர்கள். இரண்டாவது எறியோடு முழங்கையைப் பிடித்துக்கொண்டு குந்திய பிள்ளை, அந்த எறியாலேயே வலயத்திலிருந்து அடுத்த மட்டமான மாகாணத்துக்குத் தெரிவானாள். இடையில் இருந்தது இருபதே நாள். கை ஆறும்வரை பொறுக்கலாமா என்று கேட்டதற்கு, "வராட்டி அடுத்த பிள்ளையின்ர பேரைப் போடுவம்" என்றுதான் பதில் வந்தது. இரண்டு பனடோலைப் போட்டுக்கொண்டு அவள் போனாள். அங்கே முதல் எறியோடு மடங்கிய முழங்கை இன்னும் நேராக நீளவில்லை.

ஆகவே கோரிக்கையை முதலிலேயே வைத்துவிடுகிறோம். எறிந்து நொந்த கைக்குப் பன்னிரண்டு கிழமை தாருங்கள். அதற்குள் அந்தப் பிள்ளையின் இடத்தை இன்னொரு பெயரால் நிரப்பாதீர்கள்.

இது வாய்க்கு வந்தபடி சொல்லும் கணக்கல்ல. ஈட்டி கையை விட்டுப் போவதற்குச் சற்று முன், முன்கை பின்னால் சாய்ந்து கிடக்கத் தோள் முன்னே பாய்கிறது. அப்போது முழங்கையின் உட்பக்கம் பிளந்து திறப்பதுபோல் இழுபடும். அதைப் பிடித்து வைத்திருப்பது ஒரு சிறிய சவ்வு. வளர்ந்தவர்களுக்கு அந்தச் சவ்வு கிழியும். பதினான்கு, பதினைந்து வயதில் சவ்வைவிட, அது பற்றியிருக்கும் எலும்புக் குமிழ்தான் பலவீனம். அங்கே வளரும் குருத்து இன்னும் எலும்பாக இறுகியிருக்காது. பெடியன்களுக்கு அது இறுகப் பதினாறு, பதினேழு வயதாகும். குருத்து நொந்துவிட்டால் நாலு முதல் ஆறு கிழமைக்கு ஒரு எறியும் கூடாது. மீறி எறிந்தால் குமிழ் பிய்ந்து விலகலாம். பிறகு சத்திரசிகிச்சை வரை போகும். நோவெண்ணெய் போட்டு அழுத்தி உருவுவது இந்த இடத்தில் இன்னும் கெடுக்கும். சின்ன விரலும் மோதிர விரலும் விறைத்தால் நரம்பும் இழுபட்டிருக்கிறது; அன்றைக்கே வைத்தியசாலைக்குப் போக வேண்டும்.

"அவள் பிழையா எறியிறாள்" என்று மேசையிலிருந்து ஒருவர் சொன்னது காதில் விழுந்தது. உண்மை, பிழையாகத்தான் எறிகிறாள். அந்தப் பிழையைப் பழக்கியது உங்கள் தரை.

ஈட்டியைக் கை தனியே எறிவதில்லை. வலக்கைக்காரர், பக்கவாட்டாகத் திரும்பிக் காலை மாற்றி வைக்கும் கடைசிக் குறுக்கடியில் வலக்காலை ஊன்றியதும், இடக்கால் முன்னே நீண்டு, குதி பட, முழங்கால் மடங்காமல் தரையில் அறைந்து நிற்க வேண்டும். ஓடிவந்த வேகம் அந்தக் காலில் முட்டி நிற்க இடுப்புச் சுழலும். இடுப்புக்குப் பின் நெஞ்சு, பிறகு தோள், பிறகு முழங்கை, கடைசியாகத்தான் விரல். வேகமாகப் போகும் சைக்கிளில் முன் பிறேக்கை மட்டும் இறுக்கினால் ஓட்டுகிறவர் தூக்கி எறியப்படுவாரே, அதே கணக்கு. இடக்கால் ஊன்றியதிலிருந்து ஈட்டி விடுபடும்வரை ஒரு செக்கனில் ஏறத்தாழ எட்டிலொரு பங்குதான். அதற்குள் கால் வழுக்கினால்?

இங்கே வழுக்கத்தான் செய்கிறது. ஓடுபாதை குறைந்தது 30 மீற்றர் நீளம், 4 மீற்றர் அகலம் என்று சுண்ணாம்புக் கோடு வடிவாகப் போடப்படுகிறது. கோட்டுக்குள் கிடப்பது உருளும் கிரவல். பிள்ளையின் காலில் கன்வஸ் சப்பாத்து, இல்லாவிட்டால் வெறுங்கால். குதியிலும் ஆணி வைத்த ஈட்டிச் சப்பாத்தைப் படத்தில்தான் கண்டிருப்பார்கள். இடக்கால் ஒரு சாண் சறுக்கும், முழங்கால் தொய்யும், இடுப்பு நிற்காது. காலிலிருந்து வரவேண்டிய விசை வராதபோது நெஞ்சை முந்தித் திறந்து, முழங்கையைத் தோளுக்குக் கீழே விழவிட்டு, கவண் சுழற்றுவதுபோல் பக்கவாட்டால் வீசுவாள். முழு உடம்பும் செய்யவேண்டிய வேலை அந்த எலும்புக் குமிழில் வந்து விழுகிறது. சறுக்கலுக்குப் பயந்து பழகிய பிள்ளை நல்ல தரையிலும் காலை நம்பி ஊன்றாது. அப்படிப்பட்டவர்களைத்தான் தேசிய மட்டத்துக்குச் செயற்கை ஓடுபாதையில் கொண்டுபோய் விடுகிறோம். அங்கே கால் சட்டென்று நிற்கிறபோது, பழக்கமில்லாத அந்த அதிர்வை முழங்காலும் நாரியும் வாங்குகின்றன.

இதற்குக் கோடிக்கணக்கில் வேண்டாம். எறிகோட்டுக்கு முந்திய ஆறு மீற்றரில் கிரவலை வழித்தெடுத்து, நாலு விரற்கடைத் தடிப்பில் புற்றுமண் பரவி, முதல்நாள் பின்னேரம் நனைத்து உருளை போட்டால் போதும். ஒரு உழவு இயந்திரப் பெட்டி மண் காணும்.

பிரதம விருந்தினரின் பந்தலுக்குக் கம்பளம் விரிக்க முடிகிறது. அவருக்கு மாலை போட்டு, பாண்ட் வாத்தியத்தோடு அழைத்துவர முக்கால் மணித்தியாலம் கிடைக்கிறது. அந்த நேரம் முழுக்க, உடம்பைச் சூடேற்றி வந்த எறிகாரர் வரிசையில் நின்று ஆறிப்போகிறார்கள். காலையில் ஈட்டி, மத்தியானம் தட்டு, பின்னேரம் அதே கையால் எல்லே பந்தாட்டம் என்று நிகழ்ச்சி நிரல் போட்டவர் ஒருநாள் தானே எறிந்து பார்க்கலாம். மூன்றையும் முடித்தால் அவருக்கும் ஒரு பதக்கம் கொடுப்போம். கொஞ்சம் கடுமையாகப் போய்விட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள். கேட்க வந்தது பன்னிரண்டு கிழமை.

முதல் ஆறு கிழமையிலும் பிள்ளை சும்மா இருக்கப்போவதில்லை. கால், இடுப்பு, வயிற்றுக்கான பயிற்சி நடக்கும். பழைய சைக்கிள் ரியூப்பை யன்னல் கம்பியில் கட்டி, முழங்கையை விலாவோடு ஒட்டி வைத்து, முன்கையை வெளிப்பக்கம் இழுக்கலாம்: 15 தடவை, மூன்று சுற்று, நோ இல்லாவிட்டால் மட்டும். குமிழை அழுத்தினால் நோகக்கூடாது, முழங்கை மற்றக் கையளவு நீள வேண்டும். அதற்குப் பிறகே ரெனிஸ் பந்து. 10 மீற்றரில் மெதுவாக 20, 25 எறி, ஒருநாள் விட்டு ஒருநாள். பிறகு 15, 20, 30 மீற்றர். ஈட்டி அதற்கும் பிறகுதான்: நின்ற நிலையில், ஏழெட்டு மீற்றர் முன்னே புல்லில் குத்துவதுபோல். அடுத்து மூன்றடி, கடைசியில் முழு ஓட்டம். எந்தப் படியில் நொந்தாலும் ஒரு படி கீழே இறங்க வேண்டும். ஏறி முடிக்க இன்னொரு ஆறு கிழமையாவது செல்லும்.

இந்திய ஈட்டி எறி வீரர் நீரஜ் சோப்ராவுக்கு 2019 மே மாதம் முழங்கையில் சத்திரசிகிச்சை நடந்தது. அந்த ஆண்டு உலகப் போட்டிக்கு அவர் போகவில்லை. 2020 ஜனவரியில்தான் தென்னாபிரிக்காவில் மீண்டும் எறிந்தார், 87.86 மீற்றர். அடுத்த ஆண்டு டோக்கியோ ஒலிம்பிக்கில் தங்கம். வளர்ந்த ஆளுக்கு, வைத்தியர்கள் பக்கத்தில் நிற்க, எட்டு மாதத்துக்கு மேல். எங்கள் பிள்ளைக்கு இருபது நாள்.

வைத்தியசாலைக் கடிதம் கொண்டுவரும் பிள்ளைக்கு, வலயத்தில் எறிந்த தூரத்தையே மாகாணத்திலும் செல்லுபடியாக்குங்கள். கிளினிக்குக்குப் போய்வர ஒரு பாடசாலை நாள் முழுதாய்ப் போய்விடும் ஊர்கள் இவை. யாரும் சும்மா கடிதம் எடுத்துவரமாட்டார்கள். அது முடியாதென்றால், இரண்டு மட்டங்களுக்கும் இடையில் பன்னிரண்டு கிழமை விட்டு அட்டவணை போடுங்கள்.

அடுத்த ஆண்டு அட்டவணை அச்சுக்குப் போகமுன் இதை ஒருமுறை பார்க்குமாறு பணிவாகக் கேட்கிறோம். புற்றுமண்ணை நாங்களே ஏற்றிவந்து பறித்துத் தருகிறோம். உருளையை மட்டும் நீங்கள் தந்தால் போதும்.

இப்படிக்கு,
வன்னியில் எறிதல் பழக்கும் சிலர்