படிச்சவங்க பொய் சொல்ல மாட்டாங்களா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்க ஞாயிறு இணைப்புல வர்ற செவ்வாய் கிரக தொடர்கதைய முதல் வாரத்துல இருந்து விடாம படிச்சிட்டு வர்றேன். குடியிருப்போட தலைவரு காத்து சுத்தம் பண்ற மெஷின் விஷயத்த எல்லார்கிட்டயும் மறைச்சு, அது வெளிய தெரிஞ்சதும் ஜனங்க ரெண்டு கூட்டமா பிரிஞ்சு ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாக்காம போற கட்டம் வந்துச்சு இல்லையா, அதுக்கு போன வாரம் ஒரு வாசகர் கடிதம் போட்டிருந்தார். இது நம்புற மாதிரியே இல்ல, அவ்ளோ படிச்சு தேறி செலக்ட் ஆகி போன விஞ்ஞானிங்க இப்படி பொய் சொல்லுவாங்களா, சின்ன பசங்க மாதிரி கட்சி கட்டுவாங்களான்னு கேட்டிருந்தார். அவர் மேல எனக்கு கோபம் இல்ல. ஆனா அவர் நடக்காதுன்னு சொல்றது கிட்டத்தட்ட அப்படியே நடந்திருக்கு, செவ்வாய்ல இல்ல, அமெரிக்காவுல அரிசோனா பாலைவனத்துல. அதை தெரிஞ்சவங்க யாராவது எழுதுவாங்கன்னு ஒரு வாரம் பாத்தேன், யாரும் எழுதல, அதான் நானே எழுதுறேன்.

பயோஸ்பியர் 2ன்னு பேரு. டூசான் நகரத்துக்கு வடக்க ஆரக்கிள்ங்கற சின்ன ஊர் பக்கத்துல மூணு ஏக்கருக்கு கொஞ்சம் மேல, முழுசா கண்ணாடி போட்டு மூடின ஒரு உலகம். நாம இருக்குற பூமிதான் முதல் பயோஸ்பியர், இது ரெண்டாவதுன்னு பேரு வச்சாங்க. உள்ளயே ஒரு மழைக்காடு, பவளப்பாறையோட ஒரு குட்டி கடல், சதுப்பு நிலம், புல்வெளி, பாலைவனம், வயல், தங்குற வீடு எல்லாம். நாளைக்கு நிலாவுலயோ செவ்வாய்லயோ மனுஷன் குடியேறினா இப்படித்தான் வாழணும், அதுக்கு இது ஒத்திகைன்னு சொல்லி எட்வர்ட் பாஸ்ங்கற பணக்காரர் கோடிக்கணக்கான டாலர கொட்டி கட்ட வச்சார். 1991 செப்டம்பர் 26 அன்னிக்கு நாலு ஆம்பளை நாலு பொம்பளை, மொத்தம் எட்டு பேர் உள்ள போய் கதவ சாத்திக்கிட்டாங்க. ரெண்டு வருஷம் வெளிய இருந்து எதுவும் உள்ள வராது, காத்து கூட வராதுன்னு உலகம் பூரா விளம்பரம் பண்ணாங்க.

அந்த விளம்பரம்தான் பின்னாடி அவங்க கழுத்துக்கு கயிறா போச்சு.

ரெண்டு வாரம் கூட ஆகல, ஜேன் பாயிண்டர்ங்கற அம்மாவுக்கு நெல்லு அடிக்கிற மெஷின்ல விரல் நுனி துண்டாயிடுச்சு. உள்ள இருந்த டாக்டர் தைச்சு பாத்தார், சரி வரல, வெளிய ஆஸ்பத்திரிக்கு கூட்டிட்டு போய் சில மணி நேரத்துல திருப்பி கொண்டு வந்து விட்டாங்க. இதுல என்ன தப்பு, யாருக்கு விரல் போனாலும் அதைத்தான் செய்யணும். ஆனா அந்தம்மா திரும்ப உள்ள போகும்போது கூடவே ஒரு பையில சாமானும் போச்சு, அதை முன்கூட்டி யாரும் சொல்லல, பத்திரிகைக்காரங்க கண்டுபிடிச்சு எழுதின பிறகுதான் ஊருக்கு தெரிஞ்சுது. அப்புறம் பாத்தா கார்பன் டை ஆக்சைட உறிஞ்சி எடுக்குற மெஷின் ஒண்ண கதவு சாத்துறதுக்கு முன்னாடியே சொல்லாம கொள்ளாம உள்ள மாட்டி வச்சிருக்காங்க. அந்த டிசம்பர்ல வெளிக்காத்து கொஞ்சம் உள்ள அடிச்சதும் பின்னாடிதான் வெளிய வந்துச்சு. முதல் மூணு மாசத்துக்கு ஆகுற அளவு சாப்பாடு, முன்னாடியே அங்க விளைஞ்சதுதான், ஸ்டாக் இருந்ததும் அப்படித்தான் தெரிஞ்சுது.

இதுல ஒவ்வொண்ணா எடுத்து பாருங்க சார், எதுவுமே குத்தம் இல்ல. புதுசா ஒரு உலகம் கட்டுறவன் உஷாருக்கு ஒரு மெஷின் வைக்கத்தான் செய்வான், முதல் அறுவடை வர்ற வரைக்கும் சாப்பிட சேத்து வைக்கத்தான் செய்வான். இதையெல்லாம் முதல் நாளே ஒரு பேப்பர்ல அடிச்சு கொடுத்திருந்தா சரின்னு எல்லாரும் ஒத்துக்கிட்டிருப்பாங்க. மறைச்சதால ஊர் உலகம் மொத்தத்தையும் டூப்புன்னு சொல்லிடுச்சு, உள்ள பசியோட மண்வெட்டி புடிச்சவங்க உழைப்பும் அதுல அடிச்சிட்டு போச்சு. ரெண்டு வருஷம் சாப்பிட்டதுல எண்பது சதவீதத்துக்கு மேல அவங்க கையால விளைய வச்சது, உடம்பு இளைச்சு, சக்கரவள்ளி கிழங்கா தின்னு தின்னு தோலே ஆரஞ்சு கலர் அடிச்சு போய் கிடந்தாங்க. அதை யாரு பேசினா?

இப்ப காத்து விஷயத்துக்கு வர்றேன், கதையில வர்றதும் இதுதான். கதவு சாத்தும்போது சாதாரணமா நாம சுவாசிக்கிற மாதிரி 20.9 சதவீதம் ஆக்சிஜன் இருந்துச்சு. மாசா மாசம் இறங்கிட்டே வந்து 1993 ஜனவரியில 14 சதவீதம் சொச்சத்துக்கு வந்துடுச்சு. அது பதிமூணாயிரம் அடி மலை மேல உக்காந்திருக்குற மாதிரி, ஆனா மலையேறி போனவன் இறங்கி வந்துடலாம், இவங்க அங்கயே வயல்ல குனிஞ்சு வேலை பாக்கணும். ராத்திரி தூங்கும்போது மூச்சு நின்னு திடுக்குன்னு எழுந்து உக்காருவாங்களாம். உள்ள இருந்த டாக்டருக்கே சின்ன கணக்கு கூட்ட வராம போச்சுன்னு பாயிண்டர் பின்னாடி சொன்னாங்க. அதுக்கப்புறம்தான் லாரியில ஆக்சிஜன் கொண்டு வந்து உள்ள அடிச்சாங்க.

ஆக்சிஜன் எங்க போச்சுன்னு ஆரம்பத்துல ஒருத்தருக்கும் புரியல. உரம் ஜாஸ்தியா போட்ட மண்ணுல இருக்குற கிருமிங்க ஆக்சிஜன எடுத்துக்கிட்டு கார்பன் டை ஆக்சைட விடுது, அதை செடிங்க எடுத்து திருப்பி ஆக்சிஜனா கொடுத்திருக்கணும், ஆனா நடுவுல கட்டடத்தோட கான்கிரீட் அந்த கார்பன் டை ஆக்சைட உறிஞ்சி சுண்ணாம்பு கல்லா மாத்தி வச்சுக்கிச்சு. சுவர்தான் மூச்ச குடிச்சிருக்கு. கொலம்பியா யுனிவர்சிட்டியில இருந்து வந்து ஆராய்ச்சி பண்ணவங்க கான்கிரீட்ட துளை போட்டு பாத்து கண்டுபிடிச்சாங்க. யாரும் சதி பண்ணல, யாரும் திருடல. ஆனா அதுக்குள்ள சந்தேகம் எல்லார் மனசுலயும் புகுந்து ரொம்ப நாள் ஆயிருந்துச்சு.

எட்டு பேரும் நாலு நாலு பேரா உடைஞ்சாங்க. ஒரு பக்கம், வெளிய இருக்குற மேனேஜ்மெண்ட் சொல்றதுதான் சரின்னாங்க. இன்னொரு பக்கம், வெளிய இருந்து வந்து பாத்த விஞ்ஞானிகள் குழு பேச்ச கேக்கணும், எல்லாத்தையும் வெளிப்படையா வைக்கணும்னாங்க. அந்த விஞ்ஞானிகள் குழுவும் 1993 பிப்ரவரியில விலகிடுச்சு. உள்ள போறதுக்கு முன்னாடி வருஷக்கணக்கா ஒண்ணா சுத்தின சிநேகிதங்க இவங்க. ஒருத்தரோட ஒருத்தர் பேச்சு நின்னு போச்சு, தாண்டி போகும்போது கண்ண கூட பாக்க மாட்டாங்களாம், மூஞ்சியில துப்பின சம்பவம் வரைக்கும் போயிருக்குன்னு உள்ள இருந்தவங்களே பின்னாடி சொல்லியிருக்காங்க. இதுல எனக்கு மனசுல நின்ன விஷயம், அவ்ளோ பகையிலயும் எவரும் அடுத்தவங்க வேலைய கெடுக்கல. வயல் கெட்டா எட்டு பேருக்கும் சோறு இல்ல, செடி செத்தா எட்டு பேருக்கும் மூச்சு இல்ல, அது அவங்களுக்கு தெரிஞ்சிருந்துச்சு. பேசாமலே சேர்ந்து ரெண்டு வருஷத்தையும் முடிச்சு 1993 செப்டம்பர் 26 வெளிய வந்தாங்க.

அதோட முடியல. 1994 மார்ச்ல ரெண்டாவது கூட்டம் உள்ள போச்சு. ஏப்ரல் மாசம் முதல் தேதியே, பணம் போட்ட எட்வர்ட் பாஸ் கோர்ட் ஆர்டரோட போலீஸ் அதிகாரிங்கள கூட்டி வந்து பழைய மேனேஜ்மெண்ட்ட வெளியேத்திட்டார். நாலு நாள் கழிச்சு விடியறதுக்கு முன்னாடி, முதல் கூட்டத்துல இருந்த ரெண்டு பேர் போய் வெளிய இருந்து கதவுகள திறந்து விட்டாங்க, கண்ணாடியையும் உடைச்சாங்க. உள்ள இருக்குறவங்க உயிருக்கு ஆபத்து, விஷயம் தெரிஞ்சு அவங்களே முடிவெடுக்கட்டும்னு செஞ்சோம்னாங்க. இன்னொரு தரப்பு அதை நாசவேலைன்னுச்சு. அந்த வருஷம் செப்டம்பர்லயே மொத்தத்தையும் முடிச்சுக்கிட்டாங்க.

அதனால வாசகர் கேட்ட கேள்விக்கு என் பதில், பொய் சொல்லுவாங்க, கெட்டவங்களா இருக்கணும்னு அவசியமே இல்ல. பேரு கெட்டுடக்கூடாதுன்னு சொல்லுவாங்க. 1973 நவம்பர்ல ஸ்கைலாப் விண்வெளி நிலையத்துக்கு போன மூணு பேர்ல வில்லியம் போக்ங்கறவருக்கு முதல் நாளே வாந்தி. அதை கீழ சொல்ல வேண்டாம்னு கேப்டன் ஜெரால்ட் காரும் அவரும் பேசி முடிவு பண்ணாங்க. அவங்க பேசினது அங்கயே ஓடிட்டிருந்த டேப்புல பதிவாகி கீழ போய் சேர்ந்துடுச்சு, அடுத்த நாள் நாசாவுல விண்வெளி வீரர்களுக்கு தலைவரா இருந்த ஆலன் ஷெப்பர்ட் ரேடியோவுலயே அவங்கள கண்டிச்சார். வெறும் வாந்தி! அதுக்கப்புறம் சில வாரம் கீழ இருக்குறவங்களுக்கும் மேல இருக்குறவங்களுக்கும் ஒத்தே போகல, வேலை பளு வேற. டிசம்பர் கடைசியில மனசு விட்டு பேசி தீர்த்த பிறகு அதே மூணு பேர் 84 நாளையும் நல்லபடியா முடிச்சாங்க. அவங்க ஸ்டிரைக் பண்ணாங்கன்னு இன்னிக்கும் சிலர் எழுதுறாங்க, அது தப்பு.

2018 ஆகஸ்ட்ல சர்வதேச விண்வெளி நிலையத்துல வந்து நின்ன சோயுஸ்ங்கற ரஷ்ய கலத்துல ரெண்டு மில்லிமீட்டர் ஓட்டை, காத்து கசிஞ்சுது. பசை போட்டு அடைச்சிட்டாங்க. ஆனா ஓட்டை எப்படி வந்துச்சுங்கற பேச்சு அடையல, அங்க இருந்த அமெரிக்கர் மேலயே ரஷ்ய பத்திரிகைகள்ல பழி வந்துச்சு, நாசா மறுத்துச்சு, அடுத்த வருஷம் ரஷ்ய தரப்பு தலைவர் எங்களுக்கு காரணம் தெரியும் ஆனா சொல்ல மாட்டோம்னு பேசினார். ஒரே வீட்ல சேர்ந்து மூச்சு விடுறவங்களுக்கு நடுவுல இந்த பேச்சு என்ன பண்ணும்னு யோசிச்சு பாருங்க. செவ்வாய்ல இன்னும் மோசம், கேள்வி கேட்டா பதில் வர சில நேரம் நாப்பது நிமிஷத்துக்கு மேல ஆகும், அந்த நாப்பது நிமிஷமும் மனசு சும்மா இருக்காது.

நான் இதை இவ்ளோ பெருசா எழுதுறதுக்கு ஒரு காரணம் இருக்கு. இருபத்திரெண்டு வருஷம் சரக்கு கப்பல்ல எஞ்சின் ரூம்ல வேலை பாத்தவன் நான். கப்பல் பேரும் கம்பெனி பேரும் வேண்டாம். ஒரு தடவை நடுக்கடல்ல கடல் தண்ணிய நல்ல தண்ணியா மாத்துற மெஷின் மக்கர் பண்ணுச்சு. ஆளுங்க பயந்துடுவாங்கன்னு பெரியவங்க சொல்லல, வாஷிங் மெஷின் ரூம பூட்டி ரிப்பேர்னு ஒரு சீட்டு ஒட்டினாங்க, புக்குல மட்டும் டேங்க் நிறைய தண்ணி. ஒரு நாள் ராத்திரி போசன், அதாவது டெக் ஆளுங்களுக்கு தலைவர், தானே அளக்குற டேப்ப எடுத்துட்டு போய் டேங்க்ல விட்டு பாத்தார். டேப்ப தூக்கி டார்ச் அடிச்சா ஈரம் ஒரு முழம் கூட இல்ல. நான் பக்கத்துல நின்னேன், அவர் ஒண்ணும் பேசல, டேப்ப துடைச்சு சுத்தி வச்சிட்டு போயிட்டார். மறுநாள் காலையில இருபத்தி நாலு பேருக்கும் தெரிஞ்சு போச்சு. அடுத்து நடந்ததுதான் கொடுமை, ஆளாளுக்கு பாட்டில், பக்கெட், பெயிண்ட் டின் வரைக்கும் கழுவி தண்ணி புடிச்சு கட்டிலுக்கு அடியில பதுக்கினாங்க, நானும் நாலு பாட்டில் பதுக்கினேன். ஒரு வாரம் வர வேண்டிய தண்ணி மூணு நாள்ல அடிமட்டத்துக்கு போச்சு. சொந்த ஊர்க்காரன், அண்ணன் தம்பியா ஒரே தட்டுல சாப்பிட்டவன், என் கேபின்ல தண்ணி எடுத்தியான்னு என் சட்டைய புடிச்சான்.

கடைசியில செகண்ட் இன்ஜினியர்தான் மெஸ் ரூமுக்கு வந்து எல்லாத்தையும் போட்டு உடைச்சார். அன்னையில இருந்து காலை ஆறு மணிக்கு டேங்க அளக்கும்போது வரிசைப்படி நம்மாளு ஒருத்தன் கூட நிக்கணும், அளவ மெஸ் ரூம் போர்டுல அவனே எழுதணும்னார். முதல் நாள் எழுதினது நான். கட்டிலுக்கு அடியில இருந்தத யாரும் திருப்பி ஊத்தச் சொல்லல, ஆனா அன்னிக்கு சாயங்காலமே சமையல்கட்டு வாசல்ல பாட்டிலும் டின்னும் வரிசையா வந்து உக்காந்துடுச்சு. துறைமுகம் வர்ற வரைக்கும் தண்ணி வந்துச்சு.

தொடர்கதை எழுதுறவருக்கு இந்த கடிதத்த காட்டுவீங்கன்னு நம்புறேன். அந்த தலைவர வில்லனாக்கி விண்வெளிக்குள்ள தள்ளி விட்டு முடிச்சிடாதீங்க, அவருக்கு பதிலா வர்றவர் காத்து மீட்டர எங்க மாட்டுறார்னு எழுதுங்க. அப்புறம் பயோஸ்பியர் 2 பத்தி உங்க அறிவியல் பக்கத்துல ஒரு முழு கட்டுரை போடுங்க சார், அந்த கட்டடம் இன்னிக்கும் அரிசோனா யுனிவர்சிட்டி கையில ஆராய்ச்சி கூடமா இருக்கு, உள்ள கடல்ல செஞ்ச சோதனையிலதான் காத்துல கார்பன் டை ஆக்சைடு கூடினா பவளம் வளர்றது குறையும்னு தெளிவா தெரிஞ்சுது. டூப்புன்னு ஊர் சிரிச்ச இடத்துல இருந்து வந்த விஷயம் அது, நம்ம பிள்ளைங்களுக்கும் தெரியட்டும்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற கப்பல் எஞ்சின் ஊழியர்,
தூத்துக்குடி.