டீசல் வண்டி வைத்திருக்கும் நம் வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். சென்ற மாதத்திலிருந்து நம் வேலூர்ப் பட்டறையில் வண்டி விடும்போது, "தினம் எவ்வளவு தூரம் ஓட்டுறீங்க, எந்தப் பக்கம் ஓட்டுறீங்க?" என்று கேட்டு ஜாப் கார்டில் எழுதிக்கொள்கிறோம். சிலருக்கு இது பிடிக்கவில்லை. "ஆயில் மாத்தத்தானே வந்தேன், நான் எங்க போறேன்னு உனக்கு எதுக்குப்பா?" என்று சத்துவாச்சாரியிலிருந்து வரும் பெரியவர் ஒருவர் கோபித்துக்கொண்டார். அவர் கோபம் நியாயம்தான். ஏன் கேட்கிறோம் என்று நாங்கள் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். ஸ்விஃப்ட், ஐ20, போலோ, ஃபிகோ, புன்டோ, விஸ்டா, ஆல்ட்ராஸ் என்று சின்ன டீசல் வண்டி வைத்திருக்கும் எல்லோரும் இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படிக்கும்படி கேட்டுக்கொள்கிறோம்.

தை மாதம் ஒரு ஆசிரியையின் வண்டி வந்தது. வீடு பாகாயத்தில், பள்ளிக்கூடம் தொரப்பாடியில். காலையில் போய், மாலையில் திரும்புவார். ஞாயிற்றுக்கிழமை காய்கறி வாங்கப் போவார், அவ்வளவுதான். மீட்டரில் 46,000 கிலோமீட்டர். "சார், இழுக்கவே மாட்டேங்குது, பின்னாடி கரும்புகை வேற" என்றார். இன்ஜினுக்குள் காற்று போகும் குழாயான இன்டேக் மேனிஃபோல்டைக் கழற்றினோம். காற்று போகும் துளையில் சுண்டு விரல்தான் நுழைந்தது. அடுப்புக்கரியை எண்ணெயில் குழைத்து அப்பியது போல உள்சுவர் முழுக்கக் கறுப்புச் சேறு. ஸ்க்ரூ டிரைவரால் சுரண்டச் சுரண்டக் கட்டி கட்டியாக வந்தது. ஒரு டீ டம்ளர் நிறைந்தது. அந்த அம்மா பக்கத்திலேயே நின்று பார்த்துவிட்டு, "நான் வேகமாகூட ஓட்டினதில்லையே" என்றார். பிரச்சினையே அதுதான் என்று அவரிடம் சொல்ல எங்களுக்குச் சங்கடமாக இருந்தது.

அதே வாரம் ஆம்பூரிலிருந்து ஒரு தோல் வியாபாரியின் வண்டி வந்தது. அதே மாடல், அதே வருடம். 2,70,000 கிலோமீட்டர் ஓடியது. வாரம் இரண்டு முறை சென்னை போய்வருகிறவர். அதே பாகத்தைக் கழற்றினால் மெல்லிய கரித்தூள்தான், துணியால் துடைத்தால் போய்விட்டது. ஆறு மடங்கு ஓடிய வண்டி சுத்தமாக இருக்கிறது, குறைவாக ஓடிய வண்டி மூச்சு முட்டிக் கிடக்கிறது. இரண்டு பாகத்தையும் மேஜைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பையன்களுக்குக் காட்டினோம். அன்றிலிருந்துதான் இந்தக் கேள்வி ஜாப் கார்டில் வந்தது.

காரணத்தைச் சொல்கிறோம். டீசல் இன்ஜினில் ஸ்பார்க் பிளக் கிடையாது. சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பக்கம் சுடுமே, அதுதான் அடிப்படை. உள்ளே இழுத்த காற்றைப் பதினாறு, பதினேழில் ஒரு பங்காக நசுக்கினால் அது 500 டிகிரியைத் தாண்டிக் கொதிக்கும். அதில் டீசலைப் பீய்ச்சினால் தானாகவே பற்றிக்கொள்ளும். 1897-ல் ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் ருடால்ஃப் டீசல் ஓட்டிக் காட்டியதிலிருந்து இன்றுவரை அடிப்படை மாறவில்லை. ஆக, இந்த இன்ஜினுக்குச் சூடுதான் உயிர். முழுச் சூடு ஏறாத இன்ஜினில் டீசல் முழுதாக எரியாது, கரி மிஞ்சும். எரிந்த புகையில் ஒரு பங்கை மறுபடி உள்ளே அனுப்பி நைட்ரஜன் ஆக்சைடு என்ற நச்சு வாயுவைக் குறைக்க ஈ.ஜி.ஆர் என்று ஒரு வால்வு இருக்கிறது. அந்தப் புகையிலுள்ள கரியும், இன்ஜினிலிருந்து வரும் ஆயில் ஆவியும் கலந்தால் சேறு. இன்ஜின் சூடேறவே சில கிலோமீட்டர் ஆகும். அதற்குள் பாகாயத்திலிருந்து தொரப்பாடி வந்துவிடுகிறது. பைபாஸில் ஏறி நன்றாக அழுத்தி ஓட்டினால் அந்த வால்வு பெரும்பாலும் மூடிக்கொள்ளும், புகையும் சூடாகப் போகும், சேறு படியாது.

"அப்ப ஈ.ஜி.ஆரை அடைச்சு விட்டுடுங்க" என்று கேட்பவர்கள் உண்டு. செய்ய மாட்டோம். புகை விதிக்கு எதிரானது, சட்டப்படி தவறு. அதைவிட, அந்தப் புகையை நம் பிள்ளைகள்தான் மூச்சு இழுக்கிறார்கள். கழற்றிச் சுத்தம் செய்து தருவோம். அடைத்துத் தர மாட்டோம்.

அடுத்தது, எங்களுக்கு மிகவும் பிடித்த விஷயம்: இந்த வண்டிகளின் இழுவை. நம் பட்டறைக்கு அதிகம் வருவது 1.3 லிட்டர் இன்ஜின். அது ஃபியட்டின் மல்டிஜெட், 1248 சி.சி. ஸ்விஃப்டிலும் டிசையரிலும் டி.டி.ஐ.எஸ் என்ற பெயரில் வந்தது, விஸ்டாவில் குவாட்ராஜெட் என்று வந்தது. பெயர்தான் வேறு, உள்ளே இருப்பது ஒன்றே. சிலிண்டர் விட்டம் 69.6 மில்லிமீட்டர், பிஸ்டன் ஏறி இறங்கும் நீளம் 82 மில்லிமீட்டர். அகலம் குறைவு, நீளம் அதிகம். அதனால் வேகமாகச் சுற்றுவதைவிட நிதானமாகச் சுற்றி அழுத்தித் தள்ளுவதே இதன் சுபாவம். ஸ்விஃப்டில் 75 குதிரைத்திறன்தான். ஆனால் இன்ஜின் நிமிடத்துக்கு 2000 சுற்று சுற்றும்போதே 190 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை வந்துவிடும். 1.2 பெட்ரோல் ஸ்விஃப்டில் சுமார் 115, அதுவும் 4000 சுற்றுப் பக்கம் போனால்தான். ஐந்து பேர் உட்கார்ந்து, டிக்கி நிறையச் சாமான் ஏற்றி, ஏ.சி போட்டுக்கொண்டு கிருஷ்ணகிரி ஏற்றத்தில் போனவர்களுக்கு இந்த எண்களின் அர்த்தம் புரியும். கியர் மாற்றாமலே வண்டி ஏறிக்கொண்டு போகும்.

ஆனால் அந்தப் பலம் முழுக்க டர்போவின் கையில் இருக்கிறது. வெளியேறும் புகை ஒரு சின்னச் சக்கரத்தைச் சுற்றும், அது காற்றை உள்ளே திணிக்கும். நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் போகும் அந்தச் சக்கரம் உள்ளங்கையில் அடங்கும் அளவுதான். 1800 சுற்றுக்குக் கீழே அதற்குப் போதுமான புகை கிடையாது. அப்போது உங்களிடம் இருப்பது காற்று பத்தாத ஒரு சின்ன இன்ஜின், அவ்வளவே. "பிக்கப் இல்லை" என்று வரும் வண்டிகளில் பாதிக்கு நாங்கள் ஸ்பேனரே எடுப்பதில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, "சார், மூணுக்கு மாத்துங்க" என்று மட்டும் சொல்கிறோம்.

இதில் ஒரு பழக்கத்தின் கதை இருக்கிறது. நம் பக்கத்தில் பலர் டீசல் கார் ஓட்டக் கற்றது இண்டிகாவில். 1998-ல் வந்த அந்த வண்டியின் 1405 சி.சி இன்ஜினில் டர்போ கிடையாது. மெதுவாக இழுக்கும், ஆனால் அடியிலிருந்தே ஒரே சீராக இழுக்கும். 40-ல் டாப் கியர் போட்டு, உருட்டிக்கொண்டே போய் டீசல் மிச்சம் பிடித்தார்கள். அந்தக் கை இன்னும் மாறவில்லை. டர்போ வண்டியிலும் 40-ல் ஐந்தாவது கியர் போட்டு, வண்டி உதறும்போது ஆக்சிலேட்டரை மிதிக்கிறார்கள். கரும்புகை வரும், கரி சேரும், இன்ஜின் மவுண்ட் அடிவாங்கும், டீசலும் மிச்சமாகாது. இன்ஜின் சுற்றைக் காட்டும் டேக்கோ மீட்டரின் முள்ளை 1800-க்கும் 3000-க்கும் நடுவில் வைத்திருங்கள். டேக்கோ மீட்டர் இல்லாத வண்டி என்றால், மிதித்ததும் உறுமாமல் முன்னே நகர்கிறதா என்று பாருங்கள். உறுமினால் ஒரு கியர் இறக்குங்கள்.

காட்பாடி ரயில்வே மேம்பாலத்தில் நெரிசலில் நிற்கும்போது பாதிக் கிளட்சில் வண்டியைப் பிடித்து நிறுத்தாதீர்கள். ஹேண்ட் பிரேக் எதற்கு இருக்கிறது? கிளட்ச் பிளேட் விலை சின்ன விலை இல்லை.

ஏலகிரிக்குக் குடும்பத்தோடு போகிறவர்கள் நிறையப் பேர். 14 கொண்டை ஊசி வளைவுகள். ஏறும்போது வளைவுக்கு முன்பே இரண்டாவது கியருக்கு வந்துவிடுங்கள். வளைவின் நடுவில் சுற்று விழுந்துவிட்டால் டர்போ மறுபடி எழும்புவதற்குள் வண்டி திணறும். இறங்கும்போதும் இரண்டாவதுதான். டீசல் வண்டி தானாகவே நன்றாகப் பிடித்துக்கொள்ளும் என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. உண்மையில் பெட்ரோல் இன்ஜினில் காற்று வழியை அடைக்கும் த்ராட்டில் மூடிக்கொள்வதால் வரும் உறிஞ்சல் பிடிப்பு டீசலில் அவ்வளவாகக் கிடையாது. மூன்றாவதில் விட்டு பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தவர்களின் டிஸ்க் நீலம் பாய்ந்து இங்கே வந்திருக்கிறது. இன்ஜின் கனம் முன்பக்கம் அதிகம் என்பதையும் நினைவில் வையுங்கள். திருப்பத்தில் முன்பக்கம் வெளியே தள்ளப் பார்க்கும், வேகத்தை முன்னாலேயே குறைக்க வேண்டும். முன் டயர் சீக்கிரம் தேய்வதும் இதனால்தான். 10,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை முன்னும் பின்னும் மாற்றிப் போடுவோம்.

சென்னையிலிருந்து ஒரே மூச்சில் வந்து வீட்டு வாசலில் உடனே சாவியைத் திருப்பாதீர்கள். ஒரு நிமிடம் ஐடிலில் ஓடட்டும். டர்போ சக்கரத்தின் தண்டு ஆயிலில் மிதந்துதான் சுற்றுகிறது. இன்ஜின் நின்றால் ஆயிலும் நிற்கும், சூட்டில் மிச்ச ஆயில் கருகிப் பிடித்துக்கொள்ளும். ஊருக்குள்ளேயே மெதுவாக ஓட்டிவிட்டு நிறுத்தும்போது இது தேவையில்லை.

2020 ஏப்ரல் 1 முதல் பி.எஸ்.6 என்ற புகை விதிப்படி வந்த டீசல் வண்டிகளில் டி.பி.எஃப் என்று கரியைப் பிடித்துவைக்கும் ஒரு வடிகட்டி சேர்ந்திருக்கிறது. பிடித்த கரியை வண்டியே 600 டிகிரி சூட்டில் எரித்துக்கொள்ளும். அதற்கு ஓட்டம் வேண்டும். டேஷ்போர்டில் டி.பி.எஃப் விளக்கு எரிந்தால் பயப்படாதீர்கள், நிறுத்தவும் செய்யாதீர்கள். கிரீன் சர்க்கிளிலிருந்து பைபாஸில் ஏறி, நான்காவது கியரில் 2000 சுற்றுக்குக் குறையாமல் பள்ளிகொண்டா வரை போய்த் திரும்புங்கள். பெரும்பாலும் அணைந்துவிடும். இந்த வண்டிகளுக்குச் சாம்பல் குறைவாக விடும் ஆயில்தான் ஊற்ற வேண்டும். கடையில் மலிவாகக் கிடைத்தது என்று டப்பாவோடு வராதீர்கள், கெஞ்சிக் கேட்கிறோம்.

டீசலில் மண்ணெண்ணெய் கலப்பது, டூ ஸ்ட்ரோக் வண்டிக்கான டூ டி ஆயில் ஊற்றுவது எல்லாம் பழைய லாரிக் காலத்து வைத்தியம். இப்போதுள்ள பம்ப் 1000 பாருக்கு மேல் அழுத்தம் கொடுக்கிறது, அதற்கு உயவு அந்த டீசலேதான். மண்ணெண்ணெயில் வழவழப்பு இல்லை, பம்ப் தேயும். மழைக்காலம் முடிந்ததும் ஃபில்டர் அடியில் உள்ள திருகைத் திறந்து தண்ணீரை வடித்துவிடுவோம், அதற்குக் காசு வாங்குவதில்லை.

புதிதாகவோ பழையதாகவோ டீசல் வண்டி வாங்க எண்ணுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. 2014 அக்டோபரில் டீசல் விலைக் கட்டுப்பாடு போன பிறகு பெட்ரோலுக்கும் டீசலுக்கும் இருந்த பெரிய இடைவெளி சுருங்கிவிட்டது. ஆர்.டி.ஓ அலுவலகம், சி.எம்.சி, மார்க்கெட் என்று ஊருக்குள் தினம் பத்துப் பதினைந்து கிலோமீட்டர் ஓட்டுகிறவர்கள் பெட்ரோல் வண்டி வாங்குங்கள். நமக்கு டீசல் வேலை குறையும், பரவாயில்லை. வாரம் ஒருமுறை பெங்களூர், மாதம் இரண்டு முறை திருப்பதி, வயல் பார்க்கத் திருவண்ணாமலை என்று ஓடுகிறவர்களுக்கு இதைவிட நல்ல துணை கிடையாது. நிதானமாகப் போனால் லிட்டருக்கு 20 கிலோமீட்டர் கொடுக்கும் வண்டிகளை நாங்களே பார்த்திருக்கிறோம்.

ஏற்கெனவே டீசல் வாங்கிவிட்டு ஊருக்குள்ளேயே ஓட்டுகிறவர்கள் கவலைப்பட வேண்டாம். வாரம் ஒருமுறை அரை மணி நேரம் பைபாஸில் ஓட்டினாலே போதும். அந்த ஆசிரியை இப்போது சனிக்கிழமைதோறும் மாமியாரை ஸ்ரீபுரம் கோயிலுக்கு அழைத்துக்கொண்டு போய், அப்படியே ஆரணி ரோட்டில் கொஞ்ச தூரம் போய்த் திரும்புகிறார். சென்ற வாரம் மேனிஃபோல்டைத் திறந்து பார்த்தோம். ஈரமில்லாத கரித்தூள்தான் இருந்தது.

வரும் மாதத்திலிருந்து ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் காலை ஆறரை மணிக்கு, வேண்டும் என்பவர்களோடு அவரவர் வண்டியிலேயே பள்ளிகொண்டா வரை வந்து, எந்தச் சுற்றில் எந்த கியர் என்று பக்கத்தில் உட்கார்ந்து காட்டுகிறோம். கட்டணம் இல்லை. டேங்கில் கால் பாகமாவது டீசல் இருக்கட்டும், முன் டயரில் காற்றுப் பார்த்துவிட்டு வாருங்கள். பெயரைச் சனிக்கிழமை மாலைக்குள் பட்டறையில் சொல்லிவிட்டால் போதும்.

இப்படிக்கு,
உங்கள் வேலூர்ப் பட்டறையிலிருந்து